நானே கேட்டு வாங்கிய டார்கெட்

என் வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கலாம். அன்றைக்கு மீட்டிங்கில் மற்ற செக்கர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் மட்டும் வாயைத் திறந்தேன். இதை எழுதும்போதே காது சூடாகிறது.

தாம்பரம் பக்கத்தில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனி ஒன்றில் நான் செக்கிங் பார்க்கிறேன். தைக்கிற பெண்கள் வரிசையாக மிஷினில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசைக்கு லைன் என்று பெயர். லைனின் கடைசியில் ஒரு மேஜை, மேலே ஒரு ட்யூப் லைட், அங்கே நான். தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் விரித்து, காலர், கை, பட்டன் பட்டி, பக்கத் தையல் என்று பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவள் பெயரோடு பேப்பரில் எழுத வேண்டும். சட்டை அவளிடமே திரும்பப் போகும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் அசந்தால் போச்சு.

போன வருஷம் புதிதாக ஒரு குவாலிட்டி மேனேஜர் வந்தார். சின்ன வயசு, அதட்டத் தெரியாத மனுஷர். செக்கர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, "உங்க வேலையை எப்படி அளக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் டார்கெட் வச்சா அது என்னோடது, நீங்க சொன்னா அது உங்களோடது. ஆனா நம்பர்ல சொல்லணும். 'நல்லா பாக்கறோம் சார்'னு சொன்னீங்கன்னா அதை நான் எங்க எழுதறது?" என்றார்.

மற்றவர்கள் கண் தரைக்குப் போனது. எனக்கோ உள்ளுக்குள் துறுதுறுவென்றிருந்தது. அந்த மாடியிலேயே கூர்மையான கண் எனக்குத்தான் என்று எனக்கொரு நினைப்பு. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை என்ற ஆதங்கம் வேறு. "யார் எத்தனை தப்பு கண்டுபிடிக்கறாங்கன்னு எண்ணுங்க சார். யார் வேலை பாக்கறாங்க, யார் தூங்கறாங்கன்னு தானா தெரிஞ்சிடும்," என்றேன். தூங்கறாங்க என்று சொல்லும்போது பக்கத்து லைன் செக்கரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவ்வளவு திமிர்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரமே போர்டு வந்துவிட்டது. ஐடி கார்டு போட்டோவைப் பெரிதாக்கி ஆளுக்கு ஒரு கட்டம். மாசத்துக்கு இத்தனை தப்பு என்ற டார்கெட்டை எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. அதைக் கொண்டுபோய் தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் மாட்டினார்கள்.

எங்களுக்குள் அதுவரை ஒரு பழக்கம் இருந்தது. கண்ணில் பட்ட தப்பெல்லாம் பேப்பருக்குப் போகாது. பாவம், அவசரத்தில் ஒருத்தி ஒரு தையலை விட்டிருப்பாள். ஸ்டிக்கர் ஒட்டாமல், சட்டையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டி மடித்து அவள் பெட்டியில் போட்டுவிடுவோம். புரண்ட சட்டையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிடும், சத்தமில்லாமல் சரிபண்ணித் தருவாள். சூப்பர்வைசர் காதுக்கு எதுவும் போகாது. சட்டையும் ஒழுங்காகப் போகும், அவளும் திட்டு வாங்க மாட்டாள்.

என் லைனில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறவள் ஒருத்தி இருந்தாள். ஊரப்பாக்கத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், மதியம் நானும் அவளும்தான் ஒன்றாகச் சாப்பிடுவோம். முதலில் அவள் நூல் பிசிறு வெட்டுகிற ஹெல்ப்பராகத்தான் வந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் அடுத்தவர் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து தைக்கப் பழகி, சூப்பர்வைசர் கையில் காலில் விழாத குறையாகக் கேட்டு டெய்லர் ஆனவள். வீட்டில் அவளை மதிக்காத மாமியார் இப்போது தெருவில் எல்லோரிடமும் "எங்க மருமவ டெய்லரு" என்று சொல்லிக்கொண்டு திரிவதாக என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்த மிஷின் அவளுக்கு உசிரு. ஆரம்பத்தில் அவள் தைத்த சட்டைகளை நான் எத்தனையோ தடவை புரட்டிப் போட்டிருக்கிறேன்.

டார்கெட் வந்ததும் புரட்டிப் போடுவதை நிறுத்தினேன். யார் எவர் என்று பார்க்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர்தான். அந்த மாசம் போர்டில் நான்தான் முதல். என் போட்டோ மேல் ஒரு தங்க நிற ஸ்டார் கூட ஒட்டினார்கள். நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! "அக்கா ஆபீசர் ஆயிட்டாங்க, நம்ம எல்லாம் கண்ணுக்குத் தெரிய மாட்டோம்" என்று லைனில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டேன்.

ஆனால் பயத்தில் அந்தப் பெண்கள் பார்த்துப் பார்த்துத் தைக்க ஆரம்பித்தார்கள். சட்டைகள் சுத்தமாக வந்தன. விரித்து, புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. அடுத்த மாசம் என் கட்டம் சிவப்பு. மற்ற செக்கர்கள் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் தப்பென்று எழுதி நம்பரை ஏற்றினார்கள். எனக்கு அதற்கு மனசு வரவில்லை, கௌரவம் தடுத்தது. பக்கத்து லைன் செக்கர் தண்ணீர் பாட்டிலோடு போர்டு முன்னால் நின்று, "இன்னாக்கா, தூங்கிட்டியா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மேனேஜரிடம் போய், "சார், என் லைன்ல தப்பே வரல. அது நல்லதுதானே?" என்றேன்.

"ரொம்ப நல்லதுக்கா. ஆனா அது தைக்கறவங்க நம்பர். உங்க நம்பர் எங்க?" என்றார். நக்கலெல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்டார். "நீங்க சொன்ன அளவுதானே இது?" என்று வேறு ஞாபகப்படுத்தினார்.

பாத்ரூமில் போய் அழுதேன். கண்ணைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் என்னோடு சாப்பிடுகிற அந்த ஊரப்பாக்கத்துக்காரி நின்றுகொண்டிருந்தாள். என் கண்ணைப் பார்த்துவிட்டு மிஷினுக்குப் போனாள்.

மறுநாள் அவள் தைத்த கையில், அக்குள் பக்கம், தையல் கொஞ்சம் விட்டிருந்தது. எழுதினேன். சற்று நேரத்தில் இன்னொன்று, அதே இடம். மூன்றாவது சட்டையைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தேன். மிஷினில் இருந்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மதியம் சாப்பிடும்போது பிடித்துக்கொண்டேன். "என்னடி பண்ற நீ?"

"இன்னாத்துக்கு கத்தற? எய்திக்கோக்கா. எத்தினி தபா என் துணிய திருப்பிப் போட்டு காப்பாத்தின நீ. நாலு தையல உட்டா இன்னா ஆயிடும், அப்பால பிரிச்சித் தச்சிக்கப் போறேன்." சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வாழைக்காய் வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"வேணாம்டி," என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். சாயங்காலம் அவள் விட்ட தையல்களுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியவளும் நான்தான். மாசக் கடைசியில் என் கட்டம் பச்சையானது. எந்தத் தப்பையும் கண்டுபிடிக்கிறவள் என்று பெருமை பீற்றிக்கொண்ட நான், ஒருத்தி ஊட்டிவிட ஊட்டிவிட வாயைத் திறந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. பச்சையைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் எங்கள் பேப்பரில்தான் தைத்தவள் பெயரும் இருக்கிறதே! மேனேஜர் அதையும் கூட்டிப் பார்த்து டெய்லர்களுக்கும் ஒரு போர்டு மாட்டினார். யாருக்குத் தப்பு குறைவோ அவர்கள் மேலே. அவள் எல்லோருக்கும் கீழே இருந்தாள். கை வைப்பதில் அந்த மாடியிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அவள் கடைசி! இரண்டு நாளில் சூப்பர்வைசர் வந்து, "கொஞ்ச நாள் பிசிறு வெட்டு, பாக்கலாம்" என்று அவளை மிஷினிலிருந்து எழுப்பிவிட்டார். கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு ஹெல்ப்பர்களின் மேஜைக்குப் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்றுதான் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மதியம் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஷிப்ட் முடிந்ததும் மேனேஜர் அறைக்குப் போனேன். அவள் வேண்டுமென்றே தப்பாகத் தைத்தாள் என்று சொன்னால் அவள் வேலையே போய்விடும். அதனால் பழியை என் மேல் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவுசெய்திருந்தேன். "சார், அவ துணியில தப்பில்ல. என் நம்பருக்காக நான்தான் பொய்யா எழுதினேன்," என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இதை நாளைக்குக் காலைல மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்கக்கா. நான் சும்மா கூப்பிட்டு மிஷின்ல உக்கார வச்சா மத்தவங்க கேப்பாங்க இல்ல? நீங்க சொன்னா உடனே உக்கார வச்சிடறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. போர்டுல இருந்து உங்க நம்பரை எடுத்துடுவேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். வேலை போகாது, சம்பளம் போகாது. நாலு பேர் முன்னால் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவளுக்கு மிஷின் கிடைத்துவிடும். பெருங்களத்தூரில் இருக்கிற என் வீடு வரைக்கும் பஸ்ஸில் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். காலையில் சமைக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன்.

மீட்டிங்கில் மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு அடி முன்னால் வந்தேன். மொத்த லைனும் எதிரில் நிற்கிறது. பக்கத்து லைன் செக்கர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "சார்... போன மாசம் சில பீஸ்ல... நான் கொஞ்சம் கவனிக்காம... தப்பா எழுதியிருக்கலாம்னு..." என்று இழுத்தேன். எழுதினேன் என்று வரவில்லை. எழுதியிருக்கலாம் என்றுதான் வந்தது.

கூட்டத்தின் பின்னால் ஹெல்ப்பர்களோடு நின்ற ஊரப்பாக்கத்துக்காரியின் குரல் கேட்டது. "சார், அக்கா பொய் சொல்லுது. என்ன மிஷின்ல உக்கார வைக்கணும்னு எனக்கோசரம் பழிய அது மேல போட்டுக்கினு கீது. தப்பெல்லாம் நான் தச்சதுதான்."

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையே மாறிவிட்டது. யாரோ ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முணுமுணுத்தவர்கள்கூட என்னை ஏதோ தெய்வத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். மேனேஜர் சிரித்துவிட்டார். "நேத்தே நினைச்சேன்க்கா. நீங்க போய் பொய்யா எழுதுவீங்களா? நல்ல மனசு உங்களுக்கு. ஆனா நம்பரை மாத்த முடியாதுக்கா," என்றார். யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

"இல்ல சார், நிஜமாவே நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் கட்டிப்போட்டா இருந்தது? இல்லை. அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் வந்தது. அழுகையெல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தது, அதையும் அவர்கள் நல்ல மனசு என்றே எடுத்துக்கொண்டார்கள். நான் என் மேஜைக்குப் போனேன். அவள் பிசிறு வெட்டப் போனாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். போய் உட்கார்ந்தேன். வேறு சீட்டுக்குப் போகக்கூட எனக்குத் தைரியமில்லை.  கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து அவள் கட்டைவிரலில் கொப்புளம் எழும்பியிருந்தது. அதை ஊதிக்கொண்டே வந்தாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி நெரிசலில் நின்றது. அவள் என் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"நான்தான் மிஷின்ல இல்லியே. இந்த மாசம் உன் டார்கெட்டுக்கு இன்னாக்கா பண்ணுவ?"

நிஜமான கவலையோடுதான் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, என் ஸ்டாப்புக்கு முந்தின இரும்புலியூர் வந்துவிட்டதா என்று பார்த்தேன்.