நான் தூங்கிப்போன இரண்டாம் பாதி

சென்ற மாதம் மட்டும் மூன்று படங்கள் பார்த்தேன். ஒன்றைச் சிதம்பரத்தில் கணவரோடு தியேட்டரில் பார்த்தேன்; துப்பாக்கிச் சத்தத்தில் காது அடைத்துப்போய், வீட்டுக்கு வந்தும் குக்கர் விசில் கேட்கவில்லை. இன்னொன்று ரயிலில், கைப்பேசியில் பார்த்தது. கதாநாயகன் எதற்காக அழுகிறான் என்று தெரிவதற்குள் விழுப்புரம் வந்துவிட்டது. மூன்றாவது நல்ல படம்தான், ஆனால் முடிவை அடுத்த பாகத்தில் சொல்வார்களாம். மூன்றிலும் கதாநாயகனுக்கு அக்கா தங்கை என்று ஒரு ஜீவன் கிடையாது. அலுவலகத்தில் யாராவது படம் எப்படி என்று கேட்டால், "பரவால்ல, பாக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கதை மட்டும் சொல்ல மாட்டேன். ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.

அப்போது எனக்குப் பத்து வயது. சிதம்பரத்தில் அப்பாவுக்கு உரக்கடை. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு தங்கிக் கடையில் ஒத்தாசையாக இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடலூருக்குப் படம் பார்க்க அழைத்துப்போவார். சிதம்பரத்தில் தியேட்டருக்கா பஞ்சம்? "அங்கதான் மாமா டிடிஎஸ் சவுண்டு இருக்குது. அதுல பாக்காத படம் படமே இல்ல" என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தார். அப்பா தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். ஆனால் கதை கேட்கப் பிடிக்கும். ஞாயிறு இரவு தட்டின் முன் உட்கார்ந்ததும், "ம், சொல்லு மச்சான்" என்பார். மாமா டைட்டில் தொடங்கி 'வணக்கம்' போடுகிறவரை, சண்டைக்கெல்லாம் வாயாலேயே சத்தம் கொடுத்துச் சொல்வார். அப்பா ரசத்துக்கு வரும்போது இடைவேளை விட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

வேடிக்கை என்னவென்றால், மாமா ஒரு படத்தையும் பார்த்ததில்லை. விளக்கு அணைந்ததும் தியேட்டர் கேன்டீன்கார அம்மாவிடம் "பாப்பாவைப் பாத்துக்கங்க" என்று என்னை ஒப்படைத்துவிட்டு வெளியே போய்விடுவார். கடைசிச் சண்டையின்போது திரும்பி வருவார். பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் நான் அவருக்கு முழுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். "ஒரு வேலையா போய்ட்டேன் பாப்பா, வீட்ல சொல்லாத" என்பார். நான் சொன்னதில்லை. என்னை விட்டால் அவருக்குக் கதியில்லை என்ற பெருமையே எனக்குப் போதுமாக இருந்தது.

அவர் எங்கே போனார் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு ஓர் அக்கா உண்டு. கடலூரில் டீச்சர். அப்பா அம்மா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த பிறகு, அந்தப் பெரியம்மா தன்னோடு வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவ வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாராம். இந்தக் கல்யாணமே நின்றுபோகப் பார்த்ததாம். "அவுங்க பேச்ச இந்த வீட்ல எடுக்கக் கூடாது" என்று அப்பா அன்றைக்குச் சொன்னதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அதனால் அப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது. மாமாதான் திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுப்படியில் அம்மாவிடம் நாலு வார்த்தை சொல்வார். அந்த நாலு வார்த்தைக்காக அம்மா மாதம் முழுக்கக் காத்திருந்தாள். குழந்தையோடு படத்துக்குப் போகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த ஞாயிறு மாமா எனக்குக் கூடுதலாக ஒரு புரோட்டா வாங்கிக் கொடுத்ததுதான் தப்பு. இடைவேளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கிவிட்டேன். பஸ்ஸில் மாமா "ம், அப்புறம்?" என்றபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மானம் தடுத்தது. டிவியில் அக்கா தங்கை கதை எது வந்தாலும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்ப்பாள். அம்மாவுக்குப் பிடிக்குமே என்று நானே ஓர் அக்காவை உண்டாக்கினேன். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அக்கா, கடைசியில் வாசலில் வந்து நிற்கிறாள். துரத்தியவரே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போடுகிறார். சுபம்.

மாமா என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். "நெஜமாவா பாப்பா? படத்துல அப்படியா வருது?"

"ஆமா மாமா. தியேட்டரே அழுதுச்சு."

அன்று சாப்பாட்டின்போது மாமா சண்டைச் சத்தத்தையெல்லாம் குறைத்துக்கொண்டு, அந்த அக்காவை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை யூரியா வாங்க வந்த புவனகிரிக்காரர் ஒருவர் அதே படத்தைப் பார்த்திருக்கிறார். அப்பா அவர் வாயைக் கிளறியிருக்கிறார். விருத்தாசலத்துக்கு லோடு எடுக்கப் போயிருந்த மாமா சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் அப்பா கேட்டார்.

"ஏன் மச்சான், அந்தப் படத்துல அக்கான்னு ஒரு ஆளே கெடையாதாமே?"

நான் கதவுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன். மாமா என்னைக் கைகாட்டியிருக்கலாம். ஆனால் அடுத்து, 'அப்ப நீ எங்க போன?' என்ற கேள்வி வரும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் சேத்துச் சொன்னேன் மாமா."

"எனக்குப் புத்தி சொல்றியா?"

அதற்குப் பதிலை அம்மாதான் சொன்னாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவன் சொன்னதுல என்ன தப்பு? பன்னெண்டு வருஷம் ஆயிடுச்சுங்க."

படம் வந்து பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா நாலைந்து நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். எல்லாம் என் தூக்கத்தால் வந்த வினை என்று பயந்துகிடந்தேன். ஞாயிறு காலை அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "மச்சான், அந்தப் படம் இன்னும் ஓடுதா?" என்றார்.

"ஓடுது மாமா."

"உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போ. டிடிஎஸ்ல பாக்கட்டும்."

அம்மா இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். ஒரு படத்துக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று கேட்டேன். விளக்கு அணைந்ததும் மாமா எழுந்தார். கூடவே அம்மாவும் எழுந்து போனாள். நான் கேன்டீன்கார அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தடவை கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கடைசிவரை பார்த்தேன். அக்கா வரவேயில்லை. கடைசிச் சண்டையின்போது இருவரும் திரும்பி வந்தார்கள். அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன, முகம் சிரித்தது. பஸ்ஸில் யாரும் என்னிடம் கதை கேட்கவில்லை.

அப்பா தட்டின் முன் உட்கார்ந்தார். மாமாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "ம், படம் எப்படி?" என்றார்.

"அக்கா வந்தாங்க" என்றாள் அம்மா. "முடி பாதி நரைச்சுப்போச்சு. ரெண்டு புள்ளைங்க. பெரியவளுக்கு அப்படியே எங்கம்மா மூக்கு."

அப்பா பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "சின்னது?"

"பையன். அஞ்சாவது படிக்கிறான்."

"கணக்கு வருமாமா?"

"அதுதான் ஜாஸ்தி வருதாம்."

அப்பா தலையாட்டினார். "சரி, ரசம் ஊத்து" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. நானாவது பாதிப் படம் பார்த்துவிட்டுப் பொய் சொன்னேன். அம்மா படத்தையே பார்க்காமல் சொல்கிறாள், அப்பா அதையும் நம்பிக் கேள்வி கேட்கிறார். அந்தப் படத்தில் நரைத்த அக்காவும் இல்லை, கணக்கு வரும் பையனும் இல்லை. முழுப் படத்தையும் பார்த்தவள் அன்று அந்த வீட்டில் நான் ஒருத்திதான். என்னை யாருமே எதுவும் கேட்கவில்லை.