கோணல் மடிப்பு

சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். வாரா வாரம் ஒரு சார் தன் மனைவியின் காட்டன் புடவைகளைக் கொண்டு வருவார். ஒல்லியான ஆள். சட்டைப் பட்டனை ஒன்று மாற்றித்தான் போட்டிருப்பார். தேய்த்த புடவையை வாங்கியதும் மடிப்பின் ஓரத்தை விரலால் நீவிப் பார்ப்பார்.

ஒருநாள் மஞ்சள் புடவை ஒன்றில் முதல் மடிப்பு கோணலாக விழுந்துவிட்டது.

"ஒண்ணு கோணிச்சுன்னா கூட வர்றதெல்லாம் கோணிக்கினு போவுது சார்," என்றேன்.

அவர் விரல் நின்றது.

"என் வொய்ஃபுக்கும் அதாம்பா. மூளையில ஒரு புரதம் தப்பா மடிஞ்சு போச்சு. அது பக்கத்துல நல்லா இருக்கறதையும் தப்பா மடிச்சிடுது. பிரியான் நோயாம். என்னையே யாருன்னு கேக்கறா."

"சரியா மடிச்சு வுட உள்ள யாரும் இல்லியா சார்?"

"அதுக்குன்னே வேற புரதங்க இருக்காம். சிலது தடுக்குது, சிலது நோய்க்கே ஒத்தாசை பண்ணுதுங்கறாங்க. ஆராய்ச்சி நடக்குது. இவளுக்குத்தான் மருந்து இல்ல."

நான் தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். கோணல் போய்விட்டது. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் அதே புடவையோடு வந்தார்.

"காலைல போயிட்டாப்பா. இதைத்தான் கட்டி அனுப்பணும். தேச்சுக் குடு, மடிக்காதே."

மடிக்காமல் கொடுத்தேன். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். முந்தானை தெருவில் இழுபட்டது.