இன்னும் ஓர் உறை

எண்ணூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஓர் உறைக்கிணறு இருந்தது. உறை என்கிற சிமெண்டு வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக மணலுக்குள் இறக்கிய கிணறு. கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் நல்ல தண்ணீர். தெருவில் ஐந்தாறு வீடு அதைத்தான் குடித்தது. லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் சண்டை. கிணறு இருந்ததால் அம்மா அந்தச் சண்டைக்குப் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். இரண்டு வருஷமாக ஐப்பசி ஏமாற்றியிருந்தது. மேகம் வரும், கடலுக்கு மேலேயே கொட்டிவிட்டுப் போகும். சித்திரையில் கிணற்றின் அடிமணல் தெரிந்தது. விடியலில் சில குடம் ஊறும், அப்புறம் சேறு. அம்மா முதல் தடவையாக லாரிக்குக் குடம் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது ஜாக்கெட் கை கிழிந்திருந்தது.

அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். போன் போட்டால் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. செங்குன்றம் பக்கம் உறை இறக்குவதுதான் அவர் வேலை. அங்கே களிமண். களிமண்ணை உடைத்துக் கீழே போனால் தண்ணீர் குபுகுபுவென்று வரும். ஆழம் போகப் போக நல்ல தண்ணீர். அவர் கை வைத்த கிணறு பொய்த்ததில்லை என்று பேர்.

எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு உறை இறக்கினால் போதும் என்றார். அம்மா வேண்டாம் என்றாள். கிணறு இறக்கினவர்கள் இதற்குக் கீழே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்களாம். ஏன் என்று மாமா கேட்டார். அம்மாவுக்கு அது தெரியவில்லை.

"பயந்த பசங்க யாருனா சொல்லிருப்பான். மண்ணுக்குள்ள எறங்க பயம், வேற இன்னா" என்றார் மாமா.

மறுநாள் அம்மா லாரிக்குப் போன பிறகு, மீன்பாடி வண்டியில் ஒரு புது உறை வந்து இறங்கியது. எதிர்வீட்டு பாய் கயிறு பிடிக்க வந்தார். உள்ளே அடிமணலை வாரினால் மொத்த உறையும் தன் கனத்திலேயே கீழே இறங்கும். மேலே புது உறையை வைப்பார்கள். அதுதான் முறை. ஆனால் எங்கள் கிணறு குறுகல். மாமா இறங்கினார், நிற்க முடிந்தது, குனிய முடியவில்லை. தோள் உரிந்து மேலே வந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கொயந்த மாமு. அவ ஆத்தா வந்தா உன்ன இதுக்குள்ளயே பொதச்சிடும்" என்றார் பாய்.

"அது வர்துக்குள்ள வேல முடிஞ்சிரும் பாய்."

என் இடுப்பில் கயிறு கட்டினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சுற்றிலும் சமமாக வார வேண்டும், ஒரு பக்கமே வாரினால் உறை சாயும் என்று மாமா சொன்னார். சாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

உள்ளே குளிர்ச்சி. மேலே வானம் ஒரு தட்டு அளவு. அலுமினியச் சட்டியால் மணலை வாரி பக்கெட்டில் போட்டேன். அவர்கள் இழுத்தார்கள். கரகரவென்று உறை இறங்கும். ஒவ்வொரு தடவையும் கழுத்தில் மணல் கொட்டும். தண்ணீர் கணுக்கால் வந்தது, பிறகு முட்டி வந்தது. பக்கத்திலிருந்து ஊறவில்லை, காலுக்கு அடியிலிருந்து வந்தது. உலையில் அரிசி கொதிப்பது மாதிரி மணல் கொதித்தது. வாயில் தெறித்தது.

"மாமா, உப்பு கரிக்குது."

மேலே சிரிப்புக் கேட்டது. "உன் வேர்வதான் பாப்பா. வாரு."

கையை நக்கிப் பார்த்தேன். அதுவும் உப்பாகத்தான் இருந்தது. மாமா சொல்வது சரி என்று மேலும் வாரினேன்.

கால் புதையப் புதையத் திரும்ப முடியவில்லை. எட்டின பக்கமே வாரினேன். உறை சாய்ந்தது. மூட்டு விலகி, கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டுவது போல மணல் கொட்டியது. கால் இரண்டும் முட்டிவரை மணலுக்குள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. கயிற்றை இழுத்தார்கள். கயிறு விலாவை அறுத்தது, கால் வரவில்லை. இழுக்காதே, இடுப்பு ஒடிந்துவிடும் என்று பாய் சொல்வது கேட்டது.

அப்புறம் அம்மாவின் குரல்.

"புள்ள எங்கடா?"

அவள் தலை வந்து வானத்தை மறைத்தது. கத்தவில்லை. அலையில் நின்றால் கால் புதையுமே, அப்போது என்ன செய்வாய் என்று கேட்டாள்.

"ஆட்டுவேன்."

"அதயே பண்ணு. இஸ்க்காத. ஒரு கால மட்டும் ஆட்டு. தண்ணி உள்ள போவட்டும்."

குதிகாலை ஆட்டினேன். மணலுக்குள் தண்ணீர் இறங்கி, பிடி தளர்ந்தது. ஒரு கால் வந்தது. அடுத்ததற்கு நேரம் ஆனது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது தூக்கினார்கள்.

அம்மா அடிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்தாள். மாமா கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி வந்துச்சிக்கா" என்றார், மெதுவாக. அம்மா ஒரு பக்கெட் இறைத்து, ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு துப்பினாள்.

"போச்சுடா."

மாமாவும் வாயில் வைத்துப் பார்த்தார். கலங்கல்தான், ரெண்டு நாளில் தெளிந்துவிடும் என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

நான் அதிகம் படிக்கவில்லை. இது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. கடலோர மணலில் நல்ல தண்ணீர் அடிவரை இருக்காது. பெய்த மழை மணலில் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி நிற்கும். வருஷா வருஷம் மழை பெய்தால் ஆடை கனமாகும். பெய்யாவிட்டால் மெலியும், கீழே இருக்கிற கடல் மேலே ஏறும். கிணறு இறக்கினவர்கள் ஆடையோடு நிறுத்தியிருந்தார்கள். மாமாவுக்குத் தெரிந்தது களிமண். அவர் ஊரில் ஆழத்தில் இருந்தது தண்ணீர், எங்கள் ஊரில் ஆழத்தில் இருந்தது கடல். அடுத்த ஐப்பசியில் மழை கொட்டத்தான் செய்தது. ஒரே மூச்சில் கொட்டி, சிமெண்டு ரோடு மேலேயே ஓடிப் போய்விட்டது. மணலுக்குள் இறங்க அதற்கு நேரம் இல்லை. கிணறு திரும்பவில்லை.

அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. மாமா சொன்னதை நம்பினேன். சேறு அடியில் படிகிற மாதிரி உப்பும் படிந்துவிடும் என்று தினமும் நக்கிப் பார்த்தேன். கிணற்றில் அத்தனை தண்ணீரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குடத்தோடு வந்த பொம்பளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாருக்கா, எம்மாந் தண்ணி கீது. நாந்தான் தோண்டுனேன்."

எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் என் தலையைத் தடவினாள். வெறுங்குடங்களோடு அம்மாவின் பின்னால் லாரி வரும் ரோட்டுக்குப் போனார்கள்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.