கராம்புச் சுருளில் வந்த சந்திரன்

பெரிய கிளாக்கர் என்னைப் பாராட்டத்தான் வந்தார். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்ட பலர், அவர் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தார் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் அது. சந்திரனுக்கு மூன்று பேர் புறப்படப் போகிறார்கள் என்று வானொலி நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. மாத்தளையில் எந்தத் தேநீர்க்கடையில் உட்கார்ந்தாலும் அதே பேச்சு. என் முதல் கதைத் தொகுதியும் அதே மாதம் நகரத்து அச்சகம் ஒன்றில் அச்சேறிக்கொண்டிருந்தது. ஒன்பது விஞ்ஞானக் கதைகள். கொழும்பு வார இதழ் ஒன்றில் புனைபெயரில் நான் எழுதியவை. “அவங்க சந்திரன்ல எறங்க முந்தி நம்ம பொஸ்தகம் கடைக்கு எறங்கணும்” என்று அச்சகக்காரர் அவசரப்பட்டார். எனக்கும் அந்த அவசரம் இருந்தது.

எனக்கு அப்போது மச்சானின் கடையில் வேலை. மனைவியின் மூத்த சகோதரர் அவர். கராம்பு, மிளகு, சாதிக்காய், ஏலம், கறுவா என்று மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் கடை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கும் கடை திறப்பதற்கும் இடையில் எழுதுவேன். போயா நாட்களில் கூடுதலாக எழுதுவேன். அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். 1966 தொடக்கம் வார விடுமுறை பௌத்தர்களின் போயா நாட்களுக்கு மாறியிருந்தது. சந்திரனின் கால்வட்டத்துக்கு ஒரு விடுமுறை என்பதால் சில வாரத்துக்கு ஏழு நாள், சில வாரத்துக்கு எட்டு நாள். திகதி குறித்து வைக்கும் பழக்கமுள்ள எனக்கு அது பெரிய தொல்லை. ஆனால் நாடே சந்திரனைப் பார்த்து ஓய்வெடுக்கிறது என்பதில் ஒரு கதைக்காரனுக்குள்ள மகிழ்ச்சியும் இருந்தது.

போயாவுக்கு முந்திய அரை வேலைநாளில் கிளாக்கர் வந்தார். நகரத்துக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் தலைமை எழுதுவினைஞர். மாதம் ஒருமுறை எங்களிடம் சாமான் வாங்குபவர். அவரும் நானும் மிளகைத் தவிர வேறெதையும் பேசியதில்லை. அன்று அவர் கக்கத்தில் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகை இருந்தது.

“நானா” என்றார், முஸ்லிம்களை அண்ணன் என்ற பொருளில் மற்றவர்கள் அழைப்பதுபோல. “நீங்கதானா அது? இத்தன வருஷமா எனக்கு மொளகு கட்டிக் குடுத்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலையே! அச்சகத்துல மக கலியாணக் காட் அடிக்கப் போனேன். அங்கதான் சொன்னாங்க, அந்தப் பேருல எழுதுறது நீங்கன்னு.”

“அவருக்கு மொளகு நிறுக்கத் தெரியாது கிளாக்கர் ஐயா” என்றார் மச்சான். “செவ்வாய்க்குப் போற வழியக் கேளுங்க, நல்லாச் செல்லித் தருவார்.”

கிளாக்கர் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, ஏதோ குடும்ப விஷயம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தச் சந்திரன்ல வெளக்கு வைக்கிறவன் கதைங்க. என்னா மொழிபெயர்ப்பு! மொழிபெயர்ப்புன்னே தெரியல. நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் அங்க போய்க் குந்தியிருக்கிற மாதிரியில்ல இருக்கு.”

“மொழிபெயர்ப்பா?”

“ஆமாங்க. ஒரே ஒரு கொறைதான். தமிழாக்கம்னு அடியில ஒரு வரி போட்டிருக்கலாம். பத்திரிகைக்காரங்க விட்டுட்டாங்க போல.”

சஞ்சிகையை விரித்து மேசையில் வைத்தார். ஒரு பக்கத்தில் கன்னங்கரிய வானம். அதன் கீழ் ஒரு மனிதன், கையில் பெரிய விளக்கு. நான் நின்றபடியே வாசித்தேன். சந்திரனில் தனியாகக் காவலிருப்பவன் பூமிக்கு விளக்கு காட்டுகிறான். பூமியிலிருந்து பதில் விளக்கு வரும். ஒருநாள் பதில் வரவில்லை. பூமியின் இருட்டுப் பக்கத்தில் நகரங்களின் வெளிச்சம் ஒவ்வொன்றாக அணைகிறது. என் கதை. அவன் எண்ணும் நகரங்களின் வரிசைகூட என் கதையில் உள்ளதுதான். அந்த வரிசையை நானே யோசித்தேன் என்று அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை சத்தியம் செய்திருப்பேன்.

கையிலிருந்த தராசுத் தட்டு சாய்ந்து, கராம்பு மேசையிலும் சஞ்சிகையிலும் கொட்டியது.

“என்ன மச்சான், மையித்தப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?” என்றார் மச்சான்.

கிளாக்கர் கராம்பைத் தட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். “முடிவத்தான் நீங்க மாத்திட்டீங்க. இங்கிலீஷ்ல அது வெறும் பரீட்சை. அவன் பயப்படுறானா இல்லையான்னு மேலதிகாரிங்க சோதிச்சுப் பாத்து, மெடல் குடுத்துருவாங்க. நீங்க அவன விடாம வெளக்கேத்த வச்சீங்க பாருங்க, கீழ எவனாவது ஒருத்தன் அண்ணாந்து பாப்பான்னு. அதுதாங்க கதை.”

சஞ்சிகையை ஒரு நாள் இரவல் கேட்டேன்.

இங்கே எங்கள் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில்லறைக்கு வருபவர்களுக்குக் கடதாசிச் சுருளில்தான் சரக்குக் கட்டுவோம். பழைய தாள் விற்பவன் தோட்டத்துப் பங்களாக்களிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவருவான். ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார் சீமைக்குத் திரும்பத் திரும்ப, அவர்களுடைய சஞ்சிகைகள் எங்களிடம் வந்தன. அட்டையைக் கிழித்து, இதழ்களைப் பிரித்து, அடுக்கி வைப்பது என் வேலை. அப்படித்தான் ராக்கெட்டுகள் என் கைக்கு வந்தன. செவ்வாயின் கால்வாய்கள், காலத்தில் பின்னோக்கிப் போகும் நாற்காலி, கண்ணாடிக் குடுவைக்குள் பேசும் மூளை. ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அதைப்போன்ற வெறி அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஆனால் நான் அடுக்கின் மேலிருந்து வாசித்து வருவேன். வாடிக்கைக்காரர் வந்தால் மச்சான் அடியிலிருந்து உருவுவார். நான் பாதி வரும்போது கதையின் முடிவு கராம்போடு பல்லேபொலைக்கோ அலுவிகாரைக்கோ போயிருக்கும். ஒருமுறை கெஞ்சிக் கேட்டேன். “வாசிக்கவா வாங்கின? சுத்தத்தானே வாங்கின?” என்றார். கடை அவருடையது.

ஆகவே முடிவுகளை நானே போடத் தொடங்கினேன். 1957 அக்டோபரில் ரஷ்யர்கள் செயற்கைச் சந்திரனை விட்ட செய்தி வந்தபோது, இனி இதை விளையாட்டாகச் செய்யக்கூடாது என்று ஒரு தடித்த கொப்பி வாங்கி நான்கு பத்தி கோடு போட்டேன். முதல் பத்தியில் திகதி. இரண்டாவதில் முடிவு எந்தச் சரக்கோடு போனது என்பது. மூன்றாவதில் நான் வாசித்த பகுதியின் சுருக்கம். நான்காவதில் எப்படி முடிந்திருக்கும் என்று நான் நினைப்பது. சில வருடங்களில் கொப்பி நிறைந்தது. பின்பு கறையான் ஏறியது. புதிய கொப்பியில் பிரதி செய்தபோது, சரக்கின் பெயர் இனி எதற்கு என்று இரண்டாம் பத்தியை விட்டேன். இடத்தை மிச்சம் பிடிக்க மூன்றையும் நான்கையும் தொடர்ந்து ஒரே பந்தியாக எழுதினேன். நடுவே கோடு போடவில்லை. திகதியை மட்டும் கவனமாக எழுதினேன்.

கதை எழுதத் துணிந்தபோது அந்தப் புதிய கொப்பியைத்தான் திறந்தேன். என் கையெழுத்தில், திகதியோடு, முழுக் கதைகள் இருந்தன. திகதியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே எழவில்லை. நான் திகதியை நம்புகிறவன்.

அன்று வீட்டுக்குப் போனதும் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். கறையான் தின்றது போக மீதி இருந்தது. அந்தப் பக்கமும் இருந்தது. இரண்டாம் பத்தியில் ‘கராம்பு’. மூன்றாம் பத்தியில் சந்திரன், காவலாளி, பதில் வராத விளக்கு. நான்காம் பத்தியில் ஒன்றரை வரி: ‘விடாமல் ஏற்றுவான். கீழே ஒருவனாவது பார்ப்பான்.’ அந்த ஒன்றரை வரிதான் என்னுடையது.

மற்ற எட்டுக் கதைகள்? கொப்பியில் பாதிக்குமேல் தூளாகியிருந்தது. மறுநாள் போயா. தோட்டத்துக்கு ஏறினேன். கடைசியாகப் போன துரை விட்டுச்சென்ற சஞ்சிகைகள் கிளாக்கர் வீட்டில் தேயிலைப் பெட்டிகளில் இருந்தன. நடந்ததை அவரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. நம்பியதும் என்னைவிட அவர்தான் கலங்கினார்.

“ஐயையோ, நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா!”

“இல்ல ஐயா. புத்தகம் வந்தப்புறம் வேறாளு வந்து செல்லியிருந்தா?”

இருவரும் தரையில் உட்கார்ந்து இதழ் இதழாகப் புரட்டினோம். மாலைக்குள் இன்னும் மூன்று கதைகளின் தொடக்கம் அகப்பட்டது. ஒவ்வொன்று அகப்படும்போதும் கிளாக்கர் சத்தமில்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு தேயிலைக் குச்சியை வைப்பார். நான்கு ஆயிற்று. மீதி ஐந்தும் கிடைக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் பெட்டியில் இருந்தவற்றை மாத வரிசையில் அடுக்கிப் பார்த்தார். ஒன்று இருந்தால் அடுத்த இரண்டு இல்லை.

“மத்த மாசம் எல்லாம் எங்க ஐயா?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “பொட்டி பத்தல நானா. அந்தக் காலத்துல பழைய தாள்காரனுக்குப் போட்டேன். அவன் ஒங்க கடைக்குத்தான் கொண்டாந்து போட்டிருப்பான்.”

சஞ்சிகை அங்கே இருந்தால் நான் கள்வன். இல்லாவிட்டால் அது எங்கள் கடைக்கு வந்தது, நான் வாசித்தது. மீதி ஐந்தும் என்னுடையவை என்று காட்டக்கூடிய தாள் ஒன்றும் உலகில் இல்லை. எல்லாவற்றையும் நானே சுருட்டி விற்றிருக்கிறேன். இறங்கி வரும்போது மழை பிடித்தது. குடையை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் அச்சகத்துக்குப் போனேன். முதல் பதினாறு பக்கம் அச்சாகி அடுக்கில் இருந்தது. விளக்குக் காவலாளி கதைதான். நூலுக்கும் அதன் பெயர். அடுத்த பக்கங்களுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

“கலைச்சிருங்க” என்றேன்.

“எதை?”

“எல்லாத்தையும்.”

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “நானா, நாளைக்கு நாளன்னைக்கு மனுசன் சந்திரன்ல கால் வைக்கப் போறான். இப்ப வந்து கலைங்கிறீங்க. ஏதும் பிரச்சினையா? யாரும் மெரட்டினாங்களா?”

காரணத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். பிறகு, “இது யாருக்குத் தெரியப்போகுது?” என்றார். மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் நானும் அதையேதான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 21, திங்கட்கிழமை. மனிதன் சந்திரனில் இறங்கிவிட்ட செய்தி காலையிலேயே கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. எதிர்க்கடையில் வானொலியைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் அது பொய் என்றார், ஒருவர் சுபஹானல்லாஹ் என்றார். பன்னிரண்டு வருடமாக நான் காத்திருந்த நாள். அச்சகத்திலிருந்து கைவண்டியில் வந்த பதினாறு பக்கத் தாள்களை அப்போது நான் இறக்கிக்கொண்டிருந்தேன்.

மச்சான் ஒரு தாளை எடுத்து இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். “நல்ல தாள் மச்சான். மொத்தமாவும் ஈக்குது. கராம்பு சுத்தலாமே?”

“வேணாம்!”

அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அவர் தாளை அப்படியே வைத்துவிட்டார். எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் சுருளைப் பிரித்துப் பாதிக் கதையை வாசித்து, மீதியைத் தானே யோசிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தத் தாள்கள் எங்கள் வீட்டு அடுப்புக்குப் போயின. ரமழான் கழியும்வரை மனைவி அவற்றால்தான் அடுப்பு மூட்டினாள்.

இதழாசிரியருக்கு நான்கு கதைகளின் பெயரையும், மற்ற ஐந்தைப் பற்றிய சந்தேகத்தையும் எழுதி, பிரசுரிக்கும்படி கேட்டேன். பதிலாக ஒரு தபாலட்டை வந்தது. கடிதத்தைப் போட முடியாது, வாசகர் குழம்புவர், சந்திரப் பயணம் பற்றிப் புதிய கதை இருந்தால் உடனே அனுப்பவும் என்றிருந்தது. நான் அனுப்பவில்லை.

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அடுத்த போயாவன்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தபோது, எதிர்பாராத ஒன்று தெரிந்தது. எனக்குத் தொடங்கத் தெரியவில்லை. அத்தனை வருடம் கதை எழுதியவன், ஒரு கதையின் முதல் வரியை ஒருநாளும் எழுதியதில்லை. பிறர் போட்ட மேடையில் கடைசிக் காட்சியை மட்டும் நடித்துப் பழகியிருக்கிறேன். நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை தாள் வெள்ளையாகவே கிடந்தது.

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வரி வந்தது. பல்லேபொலையில் மிளகு காயவைத்த பாயைச் சுருட்டப் போகும் ஒரு பெண், பாயின்மேல் விழும் நிழல் தப்பான திசையில் இருப்பதைக் காண்கிறாள். எந்தத் துரையின் சஞ்சிகையிலும் மிளகுப் பாய் இருந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினேன். கிளாக்கர் முற்றத்தில் உட்கார்ந்து முழுவதும் வாசித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“ஐயா, இத எங்கயாவது வாசிச்சிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“நல்லா யோசிச்சுச் செல்லுங்க.”

“இல்லவே இல்ல நானா. குந்துங்க, தேத்தண்ணி வருது.”

கதையின் தலைப்புக்கு மேலே அவர் சொன்ன பதிலையும் அன்றைய திகதியையும் எழுதினேன். அன்றிலிருந்து அச்சுக்குப் போன என் கதைகள் ஒவ்வொன்றின் கைப்பிரதியிலும் தலைப்புக்கு மேல் அப்படி ஒரு ‘இல்லை’யும் ஒரு திகதியும் உண்டு. அவர் ஓய்வுபெற்று ஊரைவிட்டுப் போகும்வரை பதினொரு ‘இல்லை’கள் சேர்ந்தன.

பன்னிரண்டாவது கதையை அவர் ஊரைவிட்டுப் போகும் முன்தான் காட்டினேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வெகுநேரம் யோசித்தார். பிறகு, “தெரியலீங்க” என்றார். அந்தக் கதை அச்சுக்குப் போகாமல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.