கண்ணீர் விழுந்த பாவு

அறுந்த இழையைப் பரிமளா திட்டுவதை முதன்முதலாகக் கேட்பவர்கள், வீட்டுக்குள் யாரோ ஒரு மருமகள் வசமாக மாட்டிக்கொண்டாள் என்றே நினைப்பார்கள். "எங்கடி போற? எல்லாரும் ஒழுங்கா நிக்கறாங்க இல்ல, ஒனக்கு மட்டும் இன்னா கொழுப்பு?" திட்டிக்கொண்டே விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு முறுக்கு. இழை நின்றுவிடும். "ஆங், இப்டி இரு" என்று கடைசியில் ஒரு கொஞ்சலும் உண்டு.

ஆரணியை அடுத்த சேவூரில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவளுடையது. நாற்பத்தாறு வயது, குள்ளமான உருவம். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தால் தலையும் தோளும்தான் வெளியே தெரியும். எதிரே பட்டுப்புடவை வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், கரையைத்தான் பார்ப்பாள். "அந்த மாம்பழக் கலரு அக்கா" என்று ஒருத்தியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாள். மறுநாள் அதே அக்கா நைட்டியில் பால் வாங்க வந்தால் யாரென்று தெரியாமல் விழிப்பாள். பக்கத்துத் தறியில் அவள் கணவர் தசரதன். தறியில் குறுக்கே ஓடும் நாடாவைவிடக் குறைவாகச் சத்தம் போடும் மனிதர்.

இப்படிப்பட்ட கைகாரி, ஆறு வருடமாக ஒரே ஒரு புடவையை மட்டும் நெய்ய மறுத்துவந்தாள். முகூர்த்தப் புடவை.

கடைக்குப் போகிற புடவையை யார் கட்டுகிறார்கள் என்பது நெய்தவளுக்குத் தெரியாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் நிச்சயமானவர்கள் நேராக வீட்டுக்கே வந்து, "பரிமளா கையாலதான் வோணும்" என்று சொல்லி நெய்து வாங்கிப்போவது வழக்கம். அப்படி வந்தவள்தான் வினோதினி. அவளுடைய புடவை தறியில் பாதி ஏறியிருந்தபோது பரிமளாவின் அம்மா இறந்துபோனார். காரியம் முடிந்து வந்து தறியில் உட்கார்ந்தவளுக்கு அழுகை அடங்கவில்லை. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய அரக்குச் சிவப்புப் பாவின் மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. துடைத்துவிட்டு நெய்து முடித்தாள். கல்யாணமும் ஜாம்ஜாம் என்று நடந்தது. ஒரு வருடம் முடிவதற்குள், சேத்துப்பட்டு சாலையில் வினோதினியின் கணவன் பைக்கிலிருந்து விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அன்றைக்குப் பரிமளா தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். "என் கண்ணீருதான் அந்தப் பொண்ணு தாலிய அறுத்துச்சு." யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத தீர்ப்புக்கு மேல்முறையீடு ஏது? கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். முகூர்த்தப் புடவை கேட்டு வந்தவர்களிடம் முதுகுவலி என்றாள். வினோதினி வேலை பார்க்கும் மருந்துக்கடை இருக்கிற தெருவைத் தவிர்த்து, ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றுவழியில் போனாள்.

போன ஆவணியில் அவள் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கோகுல்ராஜ், செல்போன் கம்பெனி வேலை. இலக்கியா வாய் பெரிய பெண். "நீ நெய்யற பொடவதான் கட்டுவேன். இல்லாட்டி சுடிதார் போட்டுகினு ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிடுவேன், சொல்லிட்டேன்" என்று சிரித்தபடி மிரட்டிவிட்டுப் போய்விட்டாள். பெற்றவளின் நெஞ்சு அப்போது அடித்துக்கொண்ட வேகத்தை அந்தப் பெண் அறிவாளா? தன் வயிற்றில் பிறந்தவளுக்குத் தன் கையாலேயே விதவைக் கோலத்தை நெய்து கொடுப்பதா?

மூச்சு முட்டியது. வேர்த்து ஊற்றியது. தசரதன் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, மன ஆலோசகரைப் பாருங்கள் என்றார்கள். "மனசுக்கு டாக்டரா? அவளுக்கு இன்னாங்க கொற? என்னெ நல்லாத்தானே திட்டிகினு கீறா?" என்று தசரதன் திகைத்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அன்றுதான்.

ஆலோசகர் பெயர் அமலா. இலக்கியாவைவிடக் கொஞ்சம் மூத்த பெண். பரிமளா முதலில் கேட்டது, "ஊசி இல்லீங்களா?" என்றுதான். இல்லை, பேச்சுதான் என்றதும் ஏமாந்துபோனாளாம். ஆனால் ஆறு வருடம் அடைத்து வைத்த மடை! மூன்றாவது தடவை போனபோது உடைந்து கொட்டிவிட்டாள். அமலா சமாதானம் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஒன்று கேட்டார்.

"அழுதுகிட்டே நெய்ஞ்ச புடவை குடும்பத்தைக் கெடுக்கும்னா, சிரிச்சுகிட்டே நெய்ஞ்ச புடவை குடும்பத்தை நல்லா வைக்கணும் இல்லீங்களா? அப்படி நெய்ஞ்சது இருக்கா?"

"இருக்குதே. தேவிகாபுரம் லீலாவுக்கு நெய்ஞ்சேன். அப்போ என் தம்பிக்குக் கொழந்த பொறந்து வீடே கூத்தும் கும்மாளமும்."

"அந்த லீலா எப்படி இருக்காங்க?"

"தெரியாதுங்க."

"போய்ப் பாத்துட்டு வாங்களேன். அதான் மருந்து."

பரிமளாவுக்கு இது விநோதமான மருந்தாகப் பட்டது. ஆனாலும் தேவிகாபுரம் பஸ் ஏறினாள். துணைக்கு நானும் போனேன்.

லீலா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். "வாங்கக்கா! ஒங்க பொடவ புதுசாட்டமே கீது. ஆளுதான் பழசாயிட்டாரு." உள்ளே அந்த ஆள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். "ஏ பாப்பா, வந்தவங்களுக்கு நாற்காலி போடச் சொல்லு ஒங்கப்பன." அங்கிருந்து, "நாற்காலி அவங்கம்மா ஊட்லேர்ந்து வந்ததுதானே, அவளையே போடச் சொல்லு." நடுவில் ஐந்து வயதுப் பாப்பா தபால்காரி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பரிமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பதறிப்போனேன். சிரிக்கிறாள்! "நான் சிரிச்சதுக்கு ஒரு மரியாதையும் இல்ல பாத்தியாக்கா!"

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் பயம் அத்தனை சுலபமாக வீட்டைக் காலி செய்யாது. "லீலா கத வேற, வினோதினி கத வேற" என்று மறுநாளே அவள் மனம் வாதாட ஆரம்பித்துவிட்டது. அமலாவிடம் சொன்னபோது, அடுத்து எங்கே போகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வினோதினியின் மருந்துக்கடைக்கு என்று பரிமளாவே சொன்னாளாம்.

மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனோம். வினோதினி வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க, பரிமளாம்மா! எத்தினி வருஷம் ஆச்சு!" என்று அவள் முகம் மலர்ந்ததுதான் தாமதம், பரிமளா கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா இறந்தது, அழுதது, பாவில் துளி விழுந்தது... "என்னெ மன்னிச்சிடும்மா. நான்தான்..."

வினோதினி அடுக்கிய அட்டையையே திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

"எங்க மாமியாரு என் ஜாதகம்னு சொன்னாங்க" என்றாள் கடைசியில். "நான் என் வாய்னு நெனச்சிகினு கீறேன். அன்னிக்கு ஹெல்மெட்டு மாட்டச் சொல்லிக் கத்தினேன். கோவத்துல வேகமா வண்டிய எடுத்துகினு போனாரு. நான் மட்டும் வாய மூடிகினு இருந்திருந்தா மெதுவா போயிருப்பாரு. இப்ப நீங்க வேற வந்து அதுல பங்கு கேக்கறீங்க."

பரிமளா பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, இன்னா பேச்சு பேசற! நல்லதுக்குத்தானே சொன்ன? ரோட்ல நடந்ததுக்கு ஊட்ல இருந்த நீ எப்டிம்மா பொறுப்பாவ? ஒம்மேல ஒரு தப்பும் இல்ல!"

"அப்ப தறியில குந்திகினு இருந்த நீங்க எப்டிங்க பொறுப்பாவீங்க?"

பரிமளா சற்று முன் தான் சொன்ன வார்த்தையை அப்போதுதான் காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு இரண்டு பெண்களும் அந்த மேசைக்கு மேல் கைகளைக் கோத்துக்கொண்டு அழுதார்களே, அந்த அழுகையை எழுத எனக்குத் தமிழ் போதாது. இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் ஒன்றும் புரியாமல், இருமுவதைக்கூட அடக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். அவருக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, "அந்த டாக்டரம்மாவ நானும் பாக்கலாங்களா?" என்று வினோதினி கேட்டாள்.

போன வியாழக்கிழமை பரிமளா வீட்டுக்குப் போயிருந்தேன். தறியில் அரக்குச் சிவப்புப் பாவு ஏறியிருந்தது. இலக்கியாவின் புடவை. ஒரு சாண் நீளம் நெய்து முடிந்திருந்தது. வாசலில் இலக்கியா போனில் மாப்பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "மூச்சு உடறதுக்குக்கூட ஒங்கம்மாவ கேப்பியா? அப்ப பேஜாரே வாணாம், கல்யாணமே வாணாம், போ!"

தறிச் சத்தம் சட்டென்று நின்றது. நாடா பாவுக்கு நடுவிலேயே தங்கிவிட்டது. பரிமளாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"நெய்ய ஆரம்பிச்சேன், சண்ட வந்துடுச்சு பாத்தியாக்கா" என்றாள் சன்னக் குரலில்.

 தசரதனும் பக்கத்துத் தறியில் கையை நிறுத்திவிட்டார். பரிமளா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை இழுத்து மெதுவாக விட்டாள், இன்னொரு தடவையும் விட்டாள். நெஞ்சிலிருந்த கை இறங்கவில்லை. உதடுகள் மட்டும் தனக்குள் யாரோடோ வழக்காடிக்கொண்டிருந்தன.

"அடியே இலக்கியா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "சோறு ஆறுது. ஜல்தி வந்து துன்னுட்டு அப்பறமா சண்ட போடு!"

பிறகு, அந்தக் கை நெஞ்சில் இருக்கும்போதே, காலால் தறியின் மிதியை அழுத்தினாள்.