உதடு விலகிய முருகன்

சிவகாசி பஜாரில் மூடிக்கிடந்த அச்சாபீஸைக் கலைக்கூடமாக்கி, பழைய பொருட்கள் இருந்தால் தரும்படி கேட்டிருந்தார்கள். புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்றிருந்தாலும் உள்ளே அதே மை வாசனை, கும்பிடத் தோன்றியது. என் சின்ன வயதில் அந்த வாசனைக்குள்தான், மிஷின் தடதடக்க, காயப்போட்ட சாமி காலண்டர் தாள்களுக்கு நடுவே, அங்கே எல்லாரையும் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா நாளெல்லாம் வேலை பார்ப்பாள். நிறம் விலகி வீணான தாளையும் கிழிக்க விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

“இம்புட்டு முருகனுக்கும் வீட்ல எங்கன எடம், மதினி?” என்று மிஷின்காரர் கேலி செய்வார்.

“சாமிக்குப் போக மிச்சத்துல நாங்க இருந்துக்கிடுவோம்” என்பாள்.

அப்படி வந்த, உதடு இரட்டையாய் விழுந்த முருகனைத்தான் கொண்டுபோயிருந்தேன். வீண்தாள் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம்.

கலைக்கூடத்துப் பெண் வந்து தாளை உற்றுப் பார்த்தாள். “கொஞ்சம் இருங்க, அண்ணாச்சி” என்றவள், செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.