மானம்பூவுக்குப் போன போவி கத்தி

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அப்பார்ட்மெண்டில் என்னிடம் நாலு போவி கத்திகள், அமெரிக்க வேட்டைக்காரர்களின் பெரிய கத்திகள், இருந்தன. மனைவிக்கு அது நாலு கூடுதல். "ஒரு வெங்காயம் வெட்டக்கூட உதவாத சாமான். நவராத்திரி முடிய உதெல்லாம் வீட்டை விட்டுப் போகவேணும்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

உதவாது என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போவி கத்தியின் அழகு முதலில் நுனியில்தான். அலகின் முதுகு நேராக வந்து, முடியும் இடத்தில் யாரோ ஆசையாகக் கடித்து எடுத்ததுபோல உள்ளே வளைந்து கூராகும். அந்த வளைவு ஆழமில்லாத கத்தியை நான் திரும்பியும் பார்ப்பதில்லை. அடுத்தது, கை வழுக்கி அலகில் படாமல் குறுக்கே நிற்கும் பித்தளைக் காப்பு. அது நேராக இருந்தால் எனக்குச் சப்பென்று இருக்கும். ஒரு முனை மேலும் மறுமுனை கீழுமாக வளைந்திருக்கவேண்டும். பிடி என்றால் மான்கொம்பு. இதையெல்லாம் மனைவிக்குப் பலதடவை விளக்கியிருக்கிறேன். அவள் ரீவியில் இருந்து கண்ணை எடுத்ததில்லை.

விஜயதசமிக்கு முதல்நாள் கோயில் செயலாளர் போன் எடுத்தார். ஒரு பழைய வெயர்ஹவுஸ்தான் அப்போது எங்கள் கோயில். விஜயதசமியன்று அங்கே மானம்பூ. அம்பாள் அசுரனை வதைப்பதாக ஒரு வாழையை வெட்டுவோம். முந்தின வருஷம் கோயில் வாள் மொட்டையாகி, ஐயர் ஏழு தரம் வெட்டியும் அசுரன் சாகவில்லை. கடைசியில் செயலாளர்தான் கையால் முறித்துப் போட்டார்.

"தம்பி, உம்மட்டைப் பெரிய கத்தியள் இருக்காமே. எல்லாத்தையும் கொண்டுவாரும், ஐயர் பாத்து எடுக்கட்டும்."

நான் மனைவியைப் பார்த்தேன். "முதல்ல வெட்டட்டும்" என்றாள்.

அடுத்தநாள் கோயிலில், கத்திகளின் தோலுறைகள் செருப்புகளோடு வாசலிலேயே நின்றுவிட்டன. மூன்று கத்திகளின் பிடி மான்கொம்பு. ஐயர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, முனிவர்மார் மான்தோலிலதானே இருந்தவை?"

"அவை இருந்தவை. அதால வெட்டேல்லை."

மிஞ்சியது மரப்பிடிக் கத்தி. மான்கொம்பு இல்லாவிட்டாலும் அதுதான் என் செல்லம். பிடியின் அடிப்பக்கம் அகன்று, மூலைகள் சரிவாக வெட்டுப்பட்டிருக்கும். கத்தி சேர்ப்பவர்கள் அதைச் சவப்பெட்டிப் பிடி என்பார்கள். ஐயர் தடவிப் பார்த்து, "நல்ல லட்சணமாய் இருக்கு. இதென்ன வடிவம்?" என்று கேட்டார்.

"பழைய காலத்துப் பெட்டி வடிவம், ஐயா" என்றேன். அம்பாளுக்கு முன்னால் நின்று பொய் சொல்லவில்லை.

வாழை, விட்பியில் ஒரு அங்கிள் தன் வீட்டு ஹோலுக்குள் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்தது. ஐயர் மந்திரம் சொல்லிக் கத்தியை ஓங்கினார். ஒரே வெட்டு. வாழை சரிந்தது. சனம் அரோகரா என்றது. நான் பெண்கள் பக்கம் திரும்பி மனைவியைத் தேடினேன்.

பூசை முடிந்து கத்தியை வாங்கப் போனால், அது சந்தனமும் குங்குமமும் பூசி அம்பாளின் காலடியில் கிடந்தது. "அம்பாள் பாவிச்ச ஆயுதம். இனி வீட்டை கொண்டுபோகேலாது" என்றார் செயலாளர். பிள்ளையைப் பறிகொடுத்தவன்போல நின்றேன்.

பெண்கள் பக்கத்தில் இருந்து மனைவி விறுவிறென்று வந்தாள்.

"அதென்னண்டு கொண்டுபோகேலாது? உது எங்கட வீட்டுக் கத்தி! அந்த நுனி வளைவைப் பாருங்கோ, எவ்வளவு ஆழம். காப்பு ரெண்டு பக்கமும் எப்பிடி வளைஞ்சிருக்கு! உப்பிடி ஒண்டை இவர் இனி எங்கை தேடுறது?"

செயலாளர் பின்வாங்கினார். நானும்தான். ஆனால் ஐயர் கத்தியை உள்ளே விட்டு மூலஸ்தானக் கதவைச் சாத்திவிட்டார், அம்பாளுக்குச் சாப்பாட்டு நேரமாம்.

காரில் வீடு வரும்வரை அவளுக்குக் கோபம் ஆறவில்லை. பார்க்கிங்கில் இறங்கும்போது சொன்னாள்.

"மற்ற மூண்டையும் இனி ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ. என்ர சீலை அலுமாரியில பூட்டி வையுங்கோ."